அக்கா கத்திய சொல்

என் மூக்கு உடைந்த நாளில் நான் ஹம் நகரத்துக்குக் கட்டுரை வாசிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பிரிட்டனில் குடியேறியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியவைதான் என் ஆராய்ச்சி. "அதை ஜெர்மனியில உட்கார்ந்து ஏன் பண்றே?" என்று சேலத்தில் எல்லாரும் கேட்டார்கள். உதவித்தொகை பான் நகரப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, வேறு காரணமில்லை. ஹம்மில் ஐந்தாறு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சனிக்கிழமை என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

பன்னிரண்டு பக்கம் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அதில் நான்கு பக்கம் அடிகளைப் பற்றியது. பஸ் நிறுத்தத்தில் வாங்கிய அடி, ஆலை வாசலில் வாங்கிய அடி, சொந்தக் கடைக்குள்ளேயே வாங்கிய அடி. மூன்று வருடங்களாக அந்த மாதிரிப் பக்கங்களை அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் காதைத் திருகியதைத் தவிர, என்னை அதுவரை யாரும் அடித்ததில்லை.

டோர்ட்முண்டில் ரயில் கிளம்பியபோது பெட்டியில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில். எனக்கு எதிரே ஒருவன் வந்து உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த காற்சட்டை, முழங்காலில் தார்க் கறை, கையில் பாதி காலியான பீர் போத்தல். கொஞ்ச நேரம் என் தாள்களையே பார்த்தான்.

"என்ன எழுத்து அது?"

"தமிழ்" என்றேன்.

"இங்கே ஜெர்மன் படி."

நான் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு. அவனுக்கு அது கேலியாகத் தெரிந்திருக்க வேண்டும். தாள்களைப் பறித்து இரண்டாகக் கிழித்தான். நான் எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "கையை எடு" என்றான். நான் எடுக்கவில்லை. தலையைப் பின்னால் இழுத்து, நெற்றியால் என் மூக்கில் இடித்தான்.

கரும்பை முறிப்பது போன்ற ஒரு சத்தம் என் தலைக்குள் கேட்டது. கண்ணில் நீர் முட்டியது, வாயில் ரத்தம் இறங்கியது. அடுத்த குத்து உதட்டில் விழுந்தது. இருக்கைகளுக்கு நடுவே விழுந்தேன். அவன் பூட்ஸின் முனையில் இரும்பு வைத்திருந்தது. முதல் உதை விலாவில், அடுத்தது இடுப்பில், அதற்கடுத்தது மறுபடி அதே விலாவில். மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. ஒரு வயதான தம்பதி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனதைப் பார்த்தேன். அந்த அம்மாள் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ அம்மா" என்று கத்தினேன். அந்தக் கத்தலை நான் யோசித்துக் கத்தவில்லை.

கீழே கிடந்தபடி முதலில் பார்த்தது இரண்டு வெள்ளை ஷூக்களை. முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள் போடுவது. நிமிர்ந்து பார்த்தால், கருநீல ஜாக்கெட் போட்ட குள்ளமான ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு கைகளாலும் ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கைப் பிடித்திருந்தார். அதை ஓங்கி அவன் காதோடு சேர்த்து அடித்தார். அவன் திரும்பினான். இரண்டாவது அடி கன்னத்து எலும்பில். அவன் முழங்கால் மடிந்தது. மூன்றாவது அடி இடது கண்ணின் ஓரத்தில் விழ, அவன் எனக்குப் பக்கத்தில் சரிந்தான். அவன் முகம் என் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.

சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

"எழும்படா" என்றார் இலங்கைத் தமிழில். "எழும்பு. எழும்பு பாப்பம்."

நான்காவது அடி அவன் விரல்களின் மேல் விழுந்தது. விரல் எலும்பு நொறுங்குவது கேட்டது. அப்போது அவர் ஓங்கிய கையோடு ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது போலிருந்தது அந்தப் பார்வை.

"விடாதீங்கக்கா" என்றேன்.

இன்னும் இரண்டு அடிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது. வாய் நிறைய ரத்தத்தோடு கிடந்த எனக்கு, அவன் முனகல் கேட்கக் கேட்க விலா வலியே தெரியவில்லை. யாரோ அபாய மணியை அழுத்தியிருந்தார்கள். காமென் நிலையத்தில் ரயில் நின்றதும் இரண்டு ஆண்கள் அக்காவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். பிளாஸ்க் உருண்டு கதவுப் பக்கம் போனது. அதன் அடிப்பகுதி நசுங்கியிருந்தது.

என்னை ஹம்மில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கெலும்பு, இரண்டு விலா எலும்புகள், ஒரு முன்பல். அவனை டோர்ட்முண்டுக்குக் கொண்டுபோனார்கள். கன்னத்து எலும்பு மூன்று துண்டாகியிருந்தது என்றும், கண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்றும் பொலிஸ்காரர் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் அக்கா கணவரோடு வந்தார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நோகுதோ தம்பி?"

"பரவாயில்லைக்கா. நீங்க இல்லாட்டி என்னைக் கொன்னிருப்பான்."

"ஓம்" என்றார். பிறகு, "நீங்கள் அம்மா எண்டு கத்தேக்கைதான் தமிழ் எண்டு தெரிஞ்சது. அதுவரைக்கும் நான் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"வேற பாஷையில கத்தியிருந்தா?"

 "தெரியாது தம்பி. வந்திருக்க மாட்டன் எண்டுதான் நினைக்கிறன்."

அவர் கணவர் ஓர் ஆலையில் வேலை செய்பவர். அதுவரை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். இப்போதுதான் பேசினார். "காலமை லோயரோட கதைச்சனாங்கள். ஒருத்தரைக் காப்பாத்த அடிச்சால் பிரச்சினை இல்லையாம். ஆனா விழுந்த பிறகும் அடிச்சதுதான் பிரச்சினையாம். அதுவும் கையில சாமான் வைச்சு அடிச்சது."

"ஜெயிலா?"

"அப்பிடிப் போகாது எண்டு சொல்லினம். ஆனா தண்டனை விழுந்தால் இவவின்ரை வேலை போயிடும். வயசான ஆக்களைப் பாக்கிற வேலையெல்லே, பொலிஸ் சான்றிதழ் கேப்பினம்." அவர் என் பக்கம் குனிந்தார். "பயத்தில, பதட்டத்தில கூட அடிச்சால் சட்டம் மன்னிக்குமாம் தம்பி. கோவத்தில அடிச்சால்தான் மன்னிக்காதாம். நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. ஆனா இவ பயந்துதானே அடிச்சவ?"

அக்கா தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஆமாண்ணா" என்றேன்.

பத்து நாள் கழித்து பானில் பொலிஸ் என்னை அழைத்து முழு வாக்குமூலம் வாங்கியது. ஒரு பெண் அதிகாரி இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். பொறுமையானவர், இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார். கேள்விகள் வரிசையாக வந்தன. பிறகு கேட்டார்: "அடிக்கும்போது அந்தப் பெண் ஏதோ கத்தினார் என்று மூன்று பயணிகள் சொல்கிறார்கள். அந்த மொழி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என்ன கத்தினார்?"

எழும்பு என்றுதான் கத்தினார். எதிராளி எழுந்து வரட்டும், இன்னும் அடிக்கலாம் என்ற வெறி அதில் இருந்தது. அதை ஜெர்மனில் சொன்னால் அவர் வேலை போய்விடும். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு 'ஆதே' சேர்த்தால், அவன் எழுந்துவிடுவானோ என்று நடுங்கிய ஒரு பெண் ஆகிவிடுவார்.

"எழும்பாதே என்று கத்தினார்" என்றேன். "அவன் எழுந்துவிடுவான் என்று பயந்தார்."

அதிகாரி தட்டச்சு செய்தார். "நீங்கள்? நீங்களும் ஏதோ சொன்னதாக ஒருவர் சொல்கிறார்."

"வலியில் கத்தினேன்."

தாளை வாங்கி வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தாளர்கள் தங்களுக்குச் சாதகமில்லாத உண்மையை எப்படி மறைக்கிறார்கள் என்று என் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. பிறர் அடித்ததை விரிவாக எழுதிவிட்டுத் தாங்கள் திருப்பி அடித்ததை ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்களை அதில் கடுமையாகச் சாடியிருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து அக்காவின் கணவர் போன் செய்தார். ஒரு பயணி கைபேசியில் படம் பிடித்திருந்தாராம். கடைசி அடிகள் அதில் இருக்கின்றனவாம். சத்தத்தோடு. நீதிமன்றத்தில் சத்தியம் செய்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

"நீங்கள் பொலிசிலை என்ன சொன்னனீங்கள் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். 

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் நானாக இல்லை. பொய் வெளியே வந்தால் எனக்கும் தண்டனை, விசாவும் போகும். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த நேரமும் மனதுக்குள் யாரையாவது அடித்துக்கொண்டே இருந்தேன். நூலகத்தில் நாற்காலியைச் சத்தமாக இழுத்தவனை, கடையில் என் பின்னால் நெருங்கி நின்றவனை. ஷூ கடையில், முனையில் இரும்பு வைத்த ஒரு ஜோடியைக் காலில் போட்டுப் பார்த்தேன். வாங்கவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தது நன்றாக இருந்தது.

ஜனவரியில் ஒரு மாலை, இன்னும் இருட்டவில்லை, பானில் டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினேன், திரும்பும்போதே என் முஷ்டியும் வந்தது. ஓர் ஆளின் வாயில் பட்டது. அறுபது வயது இருக்கும். ஒரு கையில் காய்கறிப் பை. அவர் பின்னால் போய் நிறுத்தத்துக் கண்ணாடியில் மோதி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்த கத்தரிக்காய்கள் தண்டவாளம் வரை உருண்டன. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. ஆஸ்பத்திரிக்கு இந்த டிராம் போகுமா என்று கேட்கத்தான் தொட்டிருக்கிறார். உடைந்த ஜெர்மனில், அடி வாங்கிய பிறகும், அந்தக் கேள்வியின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கிளினிக்... கிளினிக்..." அவரும் வேறெங்கிருந்தோ வந்தவர். என் முஷ்டி இன்னும் மூடியே இருந்தது. இன்னொன்று கொடுக்கத் தயாராக இருந்தது. அது தெரிந்ததும் ஓடினேன்.

யாரும் துரத்தவில்லை. பொலிஸ் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நிறுத்தத்துக்குப் போகாமல், அடுத்த நிறுத்தம் வரை நடந்தே போய் ஏறிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் அக்காவின் வக்கீல் கோப்பைப் பார்த்துவிட்டு விவரம் சொன்னார். படத்தில் அக்காவின் குரல் ரயில் அறிவிப்பில் அமுங்கிப்போயிருந்தது. தெளிவாகக் கேட்டது என் குரல் மட்டும்தான். 'விடாதீங்கக்கா.' மொழிபெயர்ப்பாளர் அதை, 'அக்கா, என்னை விட்டுப் போய்விடாதீர்கள்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் உண்டு. அவர் அறியாமல் எழுதினாரா, அறிந்தே எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் யார் என்றும் தெரியாது. அரசு வழக்கறிஞர் அக்கா மேலிருந்த விசாரணையை முடித்துவிட்டார். கடுமையான பயத்தாலும் பதற்றத்தாலும் நடந்தது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. சாட்சியான நானும் உதவிக்கு மன்றாடிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

ஜூனில் அவனுடைய வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. நாங்கள் இருவரும் சாட்சிகள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். இடது இமை பாதி மூடியபடி தொங்கியது. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று அவன் வக்கீல் சொன்னார். கூரை வேய்கிறவன். தூரம் பிடிபடாததால் இனி கூரையில் ஏற முடியாது. நசுங்கிய விரல்கள் இரண்டு மடங்கவே இல்லை. என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டபோது, குடித்திருந்தேன், நினைவில்லை என்றான். "இந்த ஆளை ஏன் அடித்தீர்கள்?" என்று மறுபடி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நல்ல கண்ணால் பார்க்கத் தலையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. "சிரித்தான்" என்றான்.

அந்த நேரத்திலும் மேசையைத் தாண்டி அவன் மற்றக் கண்ணில் கட்டைவிரலை அழுத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவனுக்கு ஒன்றரை வருடச் சிறை, நன்னடத்தையின் பேரில் நிறுத்தி வைத்து விதிக்கப்பட்டது.

வெளியே படிக்கட்டில் அக்கா என்னோடு நின்றார். கணவர் காரை எடுக்கப் போயிருந்தார்.

"தம்பி, நான் எழும்பு எண்டுதான் சொன்னனான்."

"தெரியும்க்கா."

"எனக்குப் பயம் இருக்கேல்லை. சொட்டும் இருக்கேல்லை." தாடையில் இருந்த ஒரு பழைய தழும்பைத் தடவினார். "இங்கை வந்த புதுசிலை நாங்கள் இருந்த அகதி விடுதிக்குக் கல் எறிஞ்சவங்கள். போத்தல் எறிஞ்சவங்கள். கட்டிலுக்குக் கீழை படுத்துக் கிடந்தனான், மூத்திரம் போயிட்டுது. அதுதான் பயம். எனக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும் எண்டு. அண்டைக்கு ரயிலிலை இருந்தது அது இல்லை. இப்ப கடிதத்திலை பயந்தவ எண்டு எழுதி முத்திரையும் குத்திப்போட்டாங்கள்."

"அப்படிச் சொல்லாட்டி வேலை போயிருக்கும்க்கா."

"ஓம். உங்களிலை பிழை சொல்லேல்லை." கார் வந்தது. ஏறும்போது, "ஒருநாளைக்கு வீட்டை வாங்கோ" என்றார்.

ஆகஸ்டில் போனேன். சமையலறையில் உட்கார்ந்தோம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். நான் திடுக்கிட்டேன்.

"அங்கை ஒரு கிழவர் இருக்கிறார். நினைவு தப்பிப்போன மனுசன். குளிப்பாட்டேக்கை எப்பவும் கிள்ளும், அடிக்கும், கறுப்பி எண்டு ஏசும். ஆறு வருசமாப் பாத்தனான், ஒண்டும் செய்யேல்லை. போன மாசம் என்ரை மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கினார். மற்றக் கையிலை தண்ணிச் சாடி இருந்தது. கண்ணாடிச் சாடி. அதை ஓங்கிப்போட்டன் தம்பி."

"அடிச்சீங்களா?"

"இல்லை. கண்ணாடியிலை என்ரை மூஞ்சியைப் பாத்தன். குளியலறையெல்லே, முன்னாலை கண்ணாடி. அவருக்கும் தெரிஞ்சிட்டுது, தலையைக் குனிஞ்சு கொண்டார். அவருக்குத் தன்ரை பேர்கூட நினைவில்லை. ஆனா அடி வரப்போகுது எண்டு விளங்கிச்சுது." அவர் மேசையில் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "துடைச்சு, உடுப்புப் போட்டுவிட்டு, நேரே பொறுப்பாளரிட்டைப் போய்ச் சொன்னன், எனக்கு இனி ஏலாது எண்டு. இப்ப ஒரு லாண்டரியிலை வேலை. துணிதானே. ஒண்டும் செய்யாது."

நான் டிராம் நிறுத்தத்தில் நடந்ததைச் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன், கத்தரிக்காய் உருண்டது வரை.  முடிந்ததும் அவர் எழுந்து தேநீருக்குக் கெட்டிலைப் போட்டார். என் முன்னால் கோப்பையை வைக்கும்போது, இருவரும் ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டோம்.

செப்டம்பரில் என் பேராசிரியர் அடுத்த அத்தியாயத்தைக் கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றேன். காரணம் கேட்டபோது உடல்நிலை என்று சொன்னேன், அவரும் மூக்கின் வளைவைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்று மாலை அந்தப் பழைய நிறுத்தத்துக்குப் போனேன். மறுநாளும் போனேன். எட்டு மாதமாகியிருந்தது, நான் அடித்த அந்தப் பெரியவர் அங்கே வருவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நான்காம் நாள் வந்தார். அதே மாதிரிப் பை. மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

அவருக்கு எதிரே போய் நின்றேன், கைகளைத் தொங்கவிட்டபடி. என்னைப் பார்த்ததும் உடனே அடையாளம் தெரிந்தது அவருக்கு. பையை இரண்டு கைகளாலும் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார். தோள்கள் காது வரை ஏறின. அந்த மாதிரி ஒருவர் குறுகுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. ரயிலில் நானும் அப்படித்தான் குறுகியிருப்பேன்.

"மன்னியுங்கள்" என்றேன் ஜெர்மனில். "ஜனவரியில் உங்களை அடித்தது நான்தான்."

பைக்குப் பின்னாலிருந்து, "போ" என்றார்.

"பொலிசுக்குப் போகலாம் என்றால் நான் வருகிறேன். என் பெயர், விலாசம் எழுதித் தருகிறேன்."

"போ" என்றார் மறுபடி.  "தயவுசெய்து போ."

விலாசம் எழுதிய காகிதத்தை நிறுத்தத்து இருக்கையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றேன். அவர் பையை இறக்கவில்லை. டிராம் வந்தது. முதுகை என் பக்கம் காட்டாமல் பின்பக்கமாக நடந்து ஏறினார். கதவு மூடிய பிறகுதான் பை கீழே இறங்கியது. காகிதம் இருக்கையிலேயே கிடந்தது.

அன்று வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். ஆராய்ச்சியை அல்ல, ரயிலில் நடந்ததை. அக்காவின் ஆறு அடிகளையும் எழுதினேன், 'விடாதீங்கக்கா' என்று நான் சொன்னதையும்.